மறுகட்டமைப்பு வேண்டாம், மீள்நிரப்பல் போதும்: சேமிப்பகத்தில் வட்டு மாற்றும் சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு வலைச்சேமிப்பகத்தில் (பல வன்வட்டுகளோடு வீட்டு வலையமைப்பில் இருக்கும் பெட்டியில்) சிறிய வன்வட்டுகளை எடுத்துவிட்டுப் பெரியவற்றைப் போடுவதற்கான கையேட்டைத் தமிழில் எழுதும்போது, மாற்றிய வட்டில் தரவைத் திரும்ப எழுதும் வேலையைக் குறிக்கும் 'ரீபில்டு' என்ற இடத்தில் வந்து நிற்கிறோம். இதுவரை மறுகட்டமைப்பு, சீரமைப்பு, மீட்பு, ரசமேற்றல் ஆகிய பரிந்துரைகள் வந்திருக்கின்றன. பலரும் மறுகட்டமைப்பு பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். நான் அதற்கு மறுப்பாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே. குடும்பப் படங்களும் பத்திரங்களின் நகல்களும் இருக்கும் பெட்டியில், இந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டுத்தான் ஒருவர் பொத்தானை அழுத்தப்போகிறார். அதனால் இதில் அவசரம் வேண்டாம்.

முதலில், அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நான்கு வட்டுகள் உள்ள பெட்டி, ஒவ்வொன்றும் 4 டெராபைட், ஐந்தாம் வகை ரெய்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வட்டுகளை ஒரே அணியாக இணைப்பதற்குத்தான் ரெய்டு என்று பெயர்; ஐந்தாம் வகையில் ஒரு வட்டு போனாலும் தரவு போகாது. மொத்தம் 16 டெராபைட் இருந்தாலும் பயன்படுத்தக் கிடைப்பது 12. மீதி 4 டெராபைட் அளவுக்கு, மற்ற வட்டுகளிலுள்ள பிட்டுகளில் (0, 1 குறிகளில்) 1 இரட்டைப்படையாக வருகிறதா ஒற்றைப்படையாக வருகிறதா என்ற கணக்கு நான்கு வட்டுகளிலும் பரவிக் கிடக்கிறது. மூன்று வட்டுகளில் ஒரே இடத்தில் 1, 1, 0 என்று இருந்தால் நான்காவதில் 0 எழுதப்படும். மொத்த ஒன்றுகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், விதி அவ்வளவுதான். இரண்டாவது வட்டை உருவிவிட்டால் மிஞ்சுவது 1, 0, 0. இரட்டைப்படை ஆக வேண்டுமென்றால் காணாமல் போனது 1 ஆகத்தான் இருக்க முடியும்.

அந்த இடத்தில் புதிய 8 டெராபைட் வட்டைச் செருகியதும் பெட்டி இந்தக் கணக்கைத்தான் கோடிக்கணக்கான முறை போடுகிறது. பழைய மூன்று வட்டுகளையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை படிக்கிறது, கிடைத்த விடையைப் புதிய வட்டில் எழுதுகிறது. பழைய மூன்றில் பயனருடைய தரவு ஒன்றும் அழிவதில்லை, இடம் மாறுவதும் இல்லை. நொடிக்கு 150 மெகாபைட் என்று எடுத்துக்கொண்டால் 4 டெராபைட்டை எழுத ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு வட்டுகளையும் மாற்ற வேண்டுமானால் இதே வேலை நான்கு முறை, ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது.

இதைக் கட்டமைப்பு என்று சொல்வது பொருந்துமா? எதையும் பிரிக்கவில்லை, எதையும் புதிதாகக் கட்டவில்லை. 'அணியை மறுகட்டமைக்கவா?' என்று திரையில் பார்ப்பவர், இருப்பதையெல்லாம் கலைத்துவிட்டு முதலிலிருந்து அமைக்கப்போகிறது என்றுதான் எண்ணுவார். பயந்து நிறுத்திவிட்டால் பெட்டி ஒரு வட்டுக் குறையுடனேயே ஓடிக்கொண்டிருக்கும். எதிர்த்திசையில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. புதிதாக அணி உருவாக்கும் பொத்தானும் அதே பட்டியலில் பக்கத்திலேயே இருக்கக்கூடும். மறுகட்டமைப்பும் உருவாக்கமும் ஒன்றுதானே என்று நினைத்து அதை அழுத்தினால் எல்லாம் போய்விடும்.

இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. மறுகட்டமைப்பு என்ற சொல் நமக்கு வேறோர் இடத்தில் கட்டாயம் தேவைப்படும். வட்டுகளை இணைத்து நடத்தும் லினக்ஸின் எம்டி மென்பொருள் தன் நிலையைக் காட்டும்போது ரெக்கவரி, ரீசிங்க், ரீஷேப், செக் என்று நான்கு வேலைகளைத் தனித்தனியாகச் சொல்கிறது. நாம் பேசிக்கொண்டிருப்பது ரெக்கவரி. ரீஷேப் என்பது, ஐந்தாம் வகையை, இரண்டு வட்டுகள் போனாலும் தாங்கும் ஆறாம் வகையாக்கும்போதோ மூன்று வட்டு அணியை நான்கு வட்டு அணியாக்கும்போதோ நடப்பது. அங்கேதான் தரவுத் துண்டுகள் எல்லா வட்டுகளிலும் உண்மையிலேயே இடம் மாறி அடுக்கப்படுகின்றன. ஓப்பன் இசட்எஃப்எஸ் என்ற சேமிப்பு மென்பொருள் 2025 தொடக்கத்தில் வெளிவந்த 2.3 பதிப்பில்தான் இப்படி ஒரு வட்டைக் கூடுதலாகச் சேர்த்து அணியை விரிக்கும் வசதியைக் கொடுத்தது. இதற்குத்தான் மறுகட்டமைப்பு என்ற பெயர் அச்சாகப் பொருந்துகிறது. அதை ரீபில்டுக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் ரீஷேப்புக்கு என்ன செய்வோம்?

மற்ற பரிந்துரைகளுக்கு வருகிறேன். சீரமைப்பு என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. சினாலஜி நிறுவனத்தின் சேமிப்பகப் பெட்டிகளில் இந்தப் பொத்தானுக்கு 'ரிப்பேர்' என்றே பெயர். ஆனால் கொள்ளளவைப் பெருக்குபவர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வட்டைத்தான் வேண்டுமென்றே கழற்றுகிறார். பழுது எதுவும் இல்லாத இடத்தில் பழுது பார்ப்பதாகச் சொன்னால், தான் எதையோ கெடுத்துவிட்டோமோ என்ற கலக்கம்தான் வரும். மீட்பு என்பதை நான் முற்றிலும் மறுக்கிறேன். செத்துப்போன வட்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போய், திறந்து, தரவைத் தோண்டி எடுக்கிறார்களே, அதற்கு மக்கள் ஏற்கெனவே தரவு மீட்பு என்று சொல்லிவருகிறார்கள். காப்புநகலிலிருந்து கோப்புகளைத் திரும்ப எடுப்பதும் மீட்டெடுத்தல்தான். மூன்றாவதாக இதையும் அதில் திணிக்க வேண்டாம்.

ரசமேற்றல் எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. சன் நிறுவனத்தில் பிறந்த இசட்எஃப்எஸ் இதை 'ரீசில்வர்' என்று அழைக்கிறது. கண்ணாடியின் பின்பக்கப் பூச்சைப் புதுப்பிப்பதுதான் அதன் நேர்ப்பொருள். ரசம் போன கண்ணாடி என்று நம் வீடுகளில் சொல்வதோடு அப்படியே ஒட்டிப்போகிறது. பரிந்துரைத்தவரின் காதுக்கு என் பாராட்டு. இரண்டு வட்டுகளில் ஒரே தரவு இருக்கும் ஆடி முறைக்கு இது சரியாகவே பொருந்தும். ஐந்தாம், ஆறாம் வகைகளில் ஆடியே கிடையாது, அங்கே ரசம் எதற்கு என்று புதிதாகப் படிப்பவருக்கு விளங்காது. இந்த வழக்கை எல்லா வயதினரும் அறிந்திருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. ஒரே வேலைக்கு வகைக்கொரு பெயர் வைப்பதும் கையேட்டில் சிக்கலாகும்.

ஆகவே என் பரிந்துரை மீள்நிரப்பல். பொத்தானில் 'மீள்நிரப்பு', நிலைவரியில் 'மீள்நிரப்பப்படுகிறது'. புதிய வட்டு காலியாக வந்தது, அதில் இருக்க வேண்டியதை மற்ற வட்டுகளின் துணையோடு திரும்ப நிரப்புகிறோம். இந்தப் பெயரைக் கேட்டதுமே எதில் எழுதப்படுகிறது என்ற கேள்வி எழும், அந்தக் கேள்விக்குப் புதிய வட்டு என்பதே விடை. ஆடி முறைக்கும் ஐந்தாம், ஆறாம் வகைகளுக்கும் ஒரே சொல் போதும். வட்டு நிறைந்துவிட்டது என்று குழப்பிக்கொள்ள மாட்டார்களா என்று ஒருவர் கேட்கக்கூடும். நிரம்புவது தானாக நடப்பது, நிரப்புவது செய்யப்படுவது. தன்வினை, பிறவினை வேறுபாட்டைத் தமிழ் ஒரே எழுத்தில் காட்டிவிடுகிறது, முன்னால் 'மீள்' வேறு நிற்கிறது. எனக்கு இதில் ஐயமில்லை.

இந்தச் சொல் இன்னொரு செய்தியையும் எளிதாகப் புரியவைக்கிறது. சில வட்டுகளில் பதிவுத் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமைந்திருக்கும். இவற்றுக்கு ஓடடுக்குப் பதிவு என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டோம். ஒரு தடத்தைத் திருத்தினால் அதன்மேல் ஏறியிருக்கும் தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதும்போது வேறுபாடு தெரியாது. மணிக்கணக்கில் ஓயாமல் நிரப்பும்போது அவ்வகை வட்டு திணறிவிடும், சில பெட்டிகள் அதைப் பழுதான வட்டு என்றே ஒதுக்கிவிடும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையுள்ள வட்டுகள் இந்த முறையில் இருப்பதும், விவரக்குறிப்பில் அது சொல்லப்படாமல் இருந்ததும் வெளிவந்து பெரிய விவாதமானது. பிறகு அந்நிறுவனம் எந்த மாதிரி எந்த முறை என்று பட்டியல் வெளியிட்டது, வழக்கமான பதிவு முறை வட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் கொடுத்தது. புதிய வட்டு வாங்கும் முன் இதைப் பார்க்கச் சொல்லும் பத்தியைக் கையேட்டின் தொடக்கத்துக்கே கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வட்டுக் குறையுடன் ஓடும் அணியின் நிலையைக் குறிக்கும் 'டிகிரேடட்' என்ற சொல்லும் இதோடு சேர்ந்தே முடிவாக வேண்டும். தரம் தாழ்ந்த நிலை என்று வரைவில் இருக்கிறது. தரம் எதுவும் தாழவில்லை, கோப்புகள் அத்தனையும் இருக்கின்றன. இன்னொரு வட்டு போனால் தாங்காது என்பதுதான் செய்தி. காப்புக் குறைந்த நிலை என்று ஒரு மாற்று வந்தது. பொருள் நன்றாக இருந்தாலும் காப்புநகலோடு மோதுகிறது. வெளியே எடுத்து வைத்த நகலில் ஏதோ குறை என்று படிப்பவர் தேடப் போவார். வட்டுகளை இணைத்து வைப்பது வேறு, காப்புநகல் வேறு என்று புரியவைப்பதே இந்தக் கையேட்டில் பெரிய பாடு. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா வட்டுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் அழியும், ஐந்தாம் வகை அங்கே உதவாது. இரண்டுக்கும் ஒரே 'காப்பு' கூடவே கூடாது.

ஒரு வட்டு போனாலும் ஈடுகொடுக்கும் என்று பேச்சில் இயல்பாகச் சொல்கிறோம். அந்த ஈட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகையில் எழுதப்படும் அந்த இரட்டைப்படைக் கணக்கு ஈட்டுத்துண்டு. ஆறாம் வகையில் ஒன்று கழன்றால் ஈடு குறைந்த நிலை, ஏனென்றால் இன்னும் ஒன்று போனாலும் தாங்கும். ஐந்தாம் வகையில் ஒன்று கழன்றாலே ஈடு இழந்த நிலை. ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறது. நாம் பிரித்துச் சொன்னால் பயனருக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பது உடனே தெரியும். ஈடு என்றால் அடகுப் பொருளும் உண்டுதான், ஆனால் சேமிப்பகத் திரையில் அந்தக் குழப்பம் வர வழியில்லை.

சில சிறிய சொற்கள். ரெய்டை அப்படியே விட்டுவிடலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் ரெய்டு என்றால் வருமான வரிச் சோதனைதான். 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் அந்தச் சுருக்கத்தை முன்வைத்தபோது அதன் விரிவில் விலைமலிந்த வட்டுகள் என்று இருந்தது, பிற்பாடு தொழில்துறை அதைத் தனித்த வட்டுகள் என்று மாற்றிக்கொண்டது. அவர்களே மாற்றிக்கொண்டதை நாம் எழுத்துக்கு எழுத்து பெயர்க்கத் தேவையில்லை. கணிதத்தில் அணி ஏற்கெனவே இருப்பதால் வட்டணி என்றே சொல்லலாம். வட்டைச் செருகும் 'பே'வுக்கு மாடம் என்ற பரிந்துரைக்கு என் முழு ஆதரவு; நான்கு மாடச் சேமிப்பகம் என்று சொல்லும்போதே வடிவம் தெரிகிறது. வன்தட்டா வன்வட்டா என்ற பழைய வழக்கில் இங்கே வட்டு பக்கம் நிற்கிறேன். மாடத்திலிருந்து இழுக்கும் ட்ரேயைத் தட்டு என்றுதான் எழுதப்போகிறோம், தட்டிலிருந்து தட்டைக் கழற்று என்று எழுத முடியாது. 'அப்கிரேடு' என்பதற்கு மேம்படுத்தல் வேண்டாம், அது மென்பொருளுக்குப் போய்விட்டது. வட்டு மாற்றம், கொள்ளளவு விரிவாக்கம் என்று இரண்டாகப் பிரித்துவிடுவோம். அவை நடக்கும் நேரமும் வேறு: ஐந்தாம் வகையில் நான்காவது வட்டும் மாறும்வரை 12 டெராபைட் அப்படியே இருக்கும், அதன்பின் விரித்தால்தான் 24 ஆகும். வெவ்வேறு அளவு வட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் சினாலஜியின் கலப்பு முறையில் என்றால் இரண்டாவது வட்டு மாறியதுமே 16 வரை விரிக்கலாம்.

'ஸ்க்ரப்' என்பதற்குத் துலக்கல் என்று போட்டிருக்கிறீர்கள். அழகான சொல், ஆனால் அழித்துச் சுத்தம் செய்வது போலத் தோன்றுகிறது. உண்மையில் எல்லா வட்டுகளையும் முழுக்கப் படித்து, கணக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதுதான் நடக்கிறது. முழுச்சரிபார்ப்பு போதும். முதல் வட்டைக் கழற்றும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். பல வீட்டு வட்டுகளின் விவரக்குறிப்பில், அதிகபட்சம் ஏறத்தாழ 12.5 டெராபைட் படிப்புக்கு ஒரு படிக்க முடியாத பிழை என்ற வரம்பு இருக்கும். நடைமுறையில் அவை இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. இருந்தாலும் நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொரு மீள்நிரப்பலுக்கும் 12 டெராபைட் படிக்க வேண்டியிருக்கிறது, அந்த நேரத்தில் ஈடும் இல்லை. மறைந்து கிடக்கும் பிழை, ஈடு இருக்கும்போதே வெளிவருவது நல்லது.

கையேட்டின் எச்சரிக்கைப் பெட்டியை இப்படி எழுதிப் பார்த்தேன்: 'இரண்டாம் மாடத்தில் உள்ள புதிய வட்டு மீள்நிரப்பப்படுகிறது. வட்டணி ஈடு இழந்த நிலையில் உள்ளது. இது முடியும்வரை வேறு எந்த வட்டையும் கழற்ற வேண்டாம்.' மறுகட்டமைப்பை விரும்புபவர்கள் இதே மூன்று வரிகளைத் தங்கள் சொல்லை வைத்து எழுதி அனுப்புங்கள். கூடவே, ஐந்தாம் வகையை ஆறாம் வகையாக்கும்போது காட்ட வேண்டிய வரியையும் எழுதுங்கள். கணினியோடு அதிகம் பழகாத ஒருவரிடம் இரண்டு வடிவங்களையும் காட்டி, இப்போது எந்த வட்டில் எழுதப்படுகிறது என்று கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.