டிஸ்டார்ஷனுக்கு என்ன சொல்? (வெள்ளி மதியம் அச்சுக்குப் போகிறது)

ஈசூன் கிட்டார் எழுதியது, திங்கள் இரவு 11:52

வணக்கம். அவசரமாக ஓர் உதவி வேண்டும். ஏப்ரலில் சிங்கப்பூரில் நடக்கும் தமிழ் மொழி விழாவை ஒட்டி எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் இளையர்களுக்கு ஒரு பட்டறை நடத்துகிறேன். தலைப்பு, "வீட்டிலேயே மெட்டல் கிட்டார் பதிவு". வருகிறவர்கள் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்கள். அவர்களிடம் இருப்பது ஒரு மலிவு கிட்டார், ஒரு சின்ன ஒலி இடைமுகம் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஹெட்ஃபோன், மடிக்கணினி, அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபையர் யாரிடமும் கிடையாது. இருந்தாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு பத்தரைக்கு மேல் அதை யார் போடவிடுவார்கள்? எல்லாம் மென்பொருள் ஆம்ப்தான்.

கையேடு முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும் என்பது விழாக் குழுவின் நிபந்தனை. டிஸ்டார்ஷன் (மெட்டல் கிட்டாரின் கரகரப்பு), கெயின் (ஒலியளவை ஏற்றும் குமிழ்), டபுள் டிராக்கிங் (ஒரே பகுதியை இரண்டு தடவை வாசித்துப் பதிவது), ஹை பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஒலியை வெட்டுவது), நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது) ஆகியவற்றுக்குச் சொல் வேண்டும். டிஸ்டார்ஷனுக்கு இப்போதைக்குச் "சிதைவு" என்று போட்டிருக்கிறேன். ஆனால் "சிதைவைக் குறைத்தால் தெளிவு கூடும்" என்று எழுதிவிட்டுப் படித்தால் பல் மருத்துவரின் துண்டுப்பிரசுரம் மாதிரி இருக்கிறது.

பெயர்ப்பகம் எழுதியது, செவ்வாய் காலை 7:35

தம்பி, எம்ஆர்டி ரயிலிலிருந்து எழுதுகிறேன், சுருக்கமாக. "சிதைவு" வேண்டாம். உடைந்துபோனது என்றுதான் படும். ஒலியியலில் "திரிபு" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். கெயினுக்குப் "பெருக்கம்".

புணரியல் எழுதியது, செவ்வாய் காலை 9:10

"திரிபு" என்பதை வழிமொழிகிறேன். நண்பர்கள் அதன் ஆழத்தை உணர்ந்து சொன்னார்களா என்பது தெரியவில்லை, அதனால் இரண்டு வார்த்தை.

தொல்காப்பியர் புணரியலில் திரியும் முறை மூன்று என்கிறார்: மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவது மெய்பிறிதாதல். யானைக்கோடு என்பதில் ககரம் மிகுந்தது. மரவேர் என்பதில் மகரம் குன்றியது. இனி உங்கள் கிட்டாருக்கு வாருங்கள். கெயினைத் திருகினால் அலை பெரிதாகிறது, அது மிகுதல். ஓர் எல்லைக்கு மேல் போக முடியாமல் முகடு வெட்டுப்படுகிறது, அது குன்றல். வளைவாக இருந்த அலை ஏறக்குறையச் சதுரமாகிவிடுகிறது, அது மெய்பிறிதாதல். மூன்றும் ஒரே இடத்தில்! பின்னர் நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என்று வேறு விதமாகப் பகுத்தார். அதை இங்கே கலக்க வேண்டாம், குழப்பமே மிஞ்சும்.

ஆகவே என் பரிந்துரை: டிஸ்டார்ஷன் திரிபு. கெயின் மிகை. கிளிப்பிங், அதாவது முகடு வெட்டுப்படுவது, குன்றல். கேட்காத சொல்லுக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டேன்.

மிக்சர் பாக்கெட் எழுதியது, செவ்வாய் காலை 9:31

ஐயா, பால் திரிந்துபோச்சு என்றுதான் என் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியும்.

ஒலிமேசை எழுதியது, செவ்வாய் மதியம் 1:20

நான் ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிறவன். ஐயா சொன்ன மூன்றும் அறிவியல்படி கிட்டத்தட்டச் சரி, அதுவே எனக்கு ஆச்சரியம். முகட்டை வெட்டும்போது புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. மேலும் கீழும் சமமாக வெட்டினால் ஒற்றைப்படை மடங்குகள் ஓங்கும். தடித்த ஈ (E) கம்பி 82.4 ஹெர்ட்ஸ் என்றால் 247, 412 என்று போகும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வெட்டினால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும். காதுக்கு "தடிமன்" என்று படுவது இந்தக் கூட்டம்தான்.

என் சிக்கல் வேறு. பிள்ளைகள் பதிவு செய்யும்போது இரண்டு இடத்தில் வெட்டு நடக்கலாம். ஒன்று, இடைமுகத்தின் உள்ளீட்டில். சிவப்பு விளக்கு எரிகிறது, கோப்பு கெட்டது, மீட்க வழியில்லை. இன்னொன்று, அதற்குப் பிறகு மென்பொருள் ஆம்பில். அதற்காகத்தான் மெட்டலே வாசிக்கிறோம். நான் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஆம்பில் ஏற்ற வேண்டியதை இடைமுகத்தின் குமிழில் ஏற்றுகிறார்கள். இரண்டுக்கும் "கெயின்" என்றே பெயர் எழுதியிருப்பதால் வந்த வினை. கையேட்டிலும் இரண்டையும் "திரிபு" என்றே எழுதினால் அதே குழப்பம் தமிழிலும் தொடரும்.

(இடைமுகத்தில் உச்சம் கழித்தல் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். 24 பிட்டில் பதிவு செய்கிறவர்கள் அளவு குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இதைக் கட்டாயம் கையேட்டில் போடுங்கள்.)

யாழ்நரம்பு எழுதியது, செவ்வாய் இரவு 10:05

ஒலிமேசை கேட்ட பிரிவினை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிலப்பதிகாரம், வேனிற்காதை. மாதவி யாழை எடுக்கும் இடம். யாழ் நரம்புக்கு வரக்கூடிய நான்கு பகைகள் அங்கே வருகின்றன: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. உரைகாரர் வழியில் சொன்னால் இன்னிசையோடு பொருந்தாமல் ஒலிப்பது செம்பகை. சொன்ன அளவை மீறி ஓங்கி ஒலிப்பது ஆர்ப்பு. இசை எழாமல் மழுங்குவது கூடம். சிதறுவது அதிர்வு.

அளவை மீறி ஓங்குவது! டிஸ்டார்ஷனுக்கு இதைவிட நல்ல சொல் எங்கே கிடைக்கும்? ஆர்ப்பு. அங்கே குற்றம், இங்கே குணம். இப்படிக் குற்றம் குணமானது மேற்கிலும் நடந்ததுதான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நாஷ்வில் பதிவுக்கூடம் ஒன்றில் ஒலிக்கலவைக் கருவியின் ஒரு வழி பழுதாகி பேஸ் கிட்டார் கரகரத்தது. அந்தக் கரகரப்பு எல்லாருக்கும் பிடித்துப்போய், 1962-இல் மேஸ்ட்ரோ பெயரில் ஃபஸ் பெடலாகவே (காலால் மிதித்துக் கரகரப்பை வரவழைக்கும் கருவி) விற்பனைக்கு வந்தது. 1964-இல் லண்டனில் கின்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன ஆம்பின் ஒலிபெருக்கிக் கூம்பை பிளேடால் கீறி அந்த ஓசையை எடுத்தார். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? தம்புராவில் குதிரைக்கும் கம்பிக்கும் இடையே நூலைச் செருகிக் கரகரப்பைத் தேடிப் பிடிப்பவர்கள் நாம்தானே.

மற்ற மூன்றையும் விடக் கூடாது. டியூனிங் பிசகினால் செம்பகை. பேஸ் கூடிச் சேறாகிப்போனால் கூடம். கம்பி ஃப்ரெட்டில் உரசினால் அதிர்வு. சீவக சிந்தாமணியில் சீவகன் நீரில் கிடந்த மரம், இடி விழுந்த மரம் என்று ஒவ்வொரு யாழாகக் குற்றம் சொல்லித் தள்ளுவானே, மரத்தால் ஒலி மாறுமா என்ற விவாதம் அன்றே தொடங்கிவிட்டது. இதைப் பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

ஒலிமேசை எழுதியது, செவ்வாய் இரவு 10:40

அந்தத் தனி இழையைத் தொடங்கிவிடாதீர்கள். மெட்டல் கிட்டாரில் இவ்வளவு வெட்டுக்குப் பிறகு மரம் என்ன மரம் என்பது கடைசிக் கவலை. பிள்ளைகள் முதலில் கம்பியை மாற்றட்டும். நம் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரமே துருப்பிடித்து மங்கிவிடும். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு செட் வாங்கிப் போட்டால் புது கிட்டார் வாங்கின சுகம் கிடைக்கும்.

மிக்சர் பாக்கெட் எழுதியது, புதன் காலை 8:02

ஆர்ப்பு என்றால் ஆர்ப்பாட்டம்தான் நினைவுக்கு வரும். "எல்லாரும் ஆர்ப்பைக் கூட்டுங்கள்" என்று சமூக மன்றத்தில் அச்சடித்துக் கொடுக்கலாமா? அதற்கு, ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதியுள்ள ஹோங் லிம் பூங்கா இருக்கிறது.

பெயர்ப்பகம் எழுதியது, புதன் காலை 8:15

சிரித்துவிட்டேன். ஆனால் புழக்கத்தில் இல்லை என்பதால் தள்ளிவிட முடியாது. "மின்தூக்கி" என்று முதலில் எழுதியபோதும் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அடுக்குமாடித் தளத்தில் "மின்தூக்கி பழுது" என்று தாள் ஒட்டியிருந்தால் யாரும் நின்று அகராதியைப் பார்ப்பதில்லை. உணவங்காடி நிலையமும் அப்படித்தான். சொல்லை அச்சில் போட்டு, பக்கத்திலேயே பொருளை வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஆர்ப்பு சம்மதம். என் முதல் யோசனையை விட்டுவிடுகிறேன்.

புணரியல் எழுதியது, புதன் காலை 11:30

எனக்குச் சம்மதமில்லை. இடைமுகத்தில் நடப்பதும் ஆம்பில் நடப்பதும் அலையின் முகடு வெட்டுப்படுவதுதான் என்று ஒலிமேசையே ஒப்புக்கொண்டார். ஒரே நிகழ்வுக்கு நமக்குப் பிடித்தால் ஒரு பெயர், பிடிக்காவிட்டால் வேறு பெயர் என்றால் அது கலைச்சொல்லா, பட்டப்பெயரா? திரிபு பொதுச்சொல்லாக நிற்கட்டும். வேண்டுமானால் "வேண்டிய திரிபு", "வேண்டாத் திரிபு" என்று அடை கொடுங்கள்.

ஒலிமேசை எழுதியது, புதன் மதியம் 12:45

ஐயா, ஆய்வுக்கூடத்தில் நீங்கள் சொல்வது சரி. பட்டறையில் அது வேலைக்கு ஆகாது. பதினைந்து வயதுப் பையன் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, ஒரு கை குமிழில், ஒரு கண் விளக்கில் என்று இருக்கும்போது அடைமொழியைப் படிக்க மாட்டான். "சிதைவு வந்தால் நிறுத்து, ஆர்ப்பை அளவாக ஏற்று" என்றால் எந்தக் குமிழ் என்று உடனே விளங்கும். ஈசூன் தம்பி முதலில் போட்ட சிதைவைத் தூக்கிப்போட வேண்டாம். அதற்குரிய இடம் இடைமுகம். பல் மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஈசூன் கிட்டார் எழுதியது, புதன் இரவு 11:58

அண்ணே, இது பிடித்திருக்கிறது. இன்றைக்கு அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினேன்: "தனியாகக் கேட்கும்போது போதும் என்று தோன்றுகிற ஆர்ப்பிலிருந்து கொஞ்சம் குறைத்துப் பதிவு செய். இரண்டு கிட்டார் சேரும்போது ஆர்ப்பும் சேர்ந்துவிடும்." படிக்க நன்றாக ஓடுகிறது.

அடுத்த தலைவலி, டபுள் டிராக்கிங். "இரட்டைப் பதிவு" என்று எழுதி, எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற பையனிடம் காட்டினேன். அவன் உடனே கோப்பை நகலெடுத்து, ஒன்றை இடப்பக்கமும் இன்னொன்றை வலப்பக்கமும் வைத்துவிட்டு, "அகலமே வரலையே அண்ணே" என்கிறான். எப்படி வரும்? இரண்டு பக்கமும் ஒன்றேயானால் நடுவில் சத்தம்தான் கூடும். அதே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) இன்னொரு தடவை கையால் வாசிக்க வேண்டும். அந்தச் சின்னச் சின்னப் பிசகுதான் அகலத்தைக் கொடுக்கிறது.

யாழ்நரம்பு எழுதியது, வியாழன் காலை 6:20

"இணைமீட்டு".

பெயர்ப்பகம் எழுதியது, வியாழன் காலை 7:40

அழகாக இருக்கிறது, ஆனால் அந்தப் பையன் மறுபடியும் நகலைத்தான் இணைப்பான். "இருமுறை மீட்டல்" என்று போடுங்கள். செய்ய வேண்டியது பெயரிலேயே இருக்கட்டும். அதே கணக்கில் ஹை பாஸ் ஃபில்டரையும் பாருங்கள். "உயர்வழி வடிகட்டி" என்றால் உயர்ந்ததை வடிகட்டி எறிகிறது என்று பாதிப் பேர் எடுத்துக்கொள்வார்கள். அது வெட்டுவது அடியைத்தானே? "அடிவெட்டி."

ஒலிமேசை எழுதியது, வியாழன் காலை 10:15

அடிவெட்டி அருமை. கிட்டாருக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் ஓர் எல்லை வைத்து அதற்குக் கீழே வெட்டிவிட்டு, அந்த இடத்தை பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையைப் பொத்தி அடிக்கும்போது 100-க்கும் 200-க்கும் இடையில் பொம்மென்று வீங்கும். அங்கேயும் ஒரு கண் வேண்டும். மேலே தேனீக் கூட்டம்போல இரைவதை 8,000, 10,000 ஹெர்ட்ஸ் பக்கம் மெல்லத் தணிக்கலாம். முக்கியமாக, நடு அதிர்வெண்களைக் குடைந்து குறைக்காதே என்று பெரிய எழுத்தில் போடுங்கள். தனியாகக் கேட்டால் குடைந்த ஒலி மிரட்டும். டிரம்ஸ் வந்ததும் கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் ஆம்ப் இலவசம், பதிவு மென்பொருளுக்குள்ளேயே அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருக்கிறது.

நாய்ஸ் கேட் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை.

மிக்சர் பாக்கெட் எழுதியது, வியாழன் காலை 10:22

"இரைச்சல் கதவு" என்று போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தட்டுகிற கதவு.

யாழ்நரம்பு எழுதியது, வியாழன் மதியம் 2:50

கதவு வேண்டாம், மடை. "இரைச்சல் மடை". வாசித்தால் திறக்கும், கை ஓய்ந்தால் அடைபடும். இன்னொரு செய்தி, பவர் கார்டுக்கு (மெட்டலில் இரண்டே சுரங்களைச் சேர்த்து வாசிப்பது) புதுச்சொல்லே தேவையில்லை. பழந்தமிழ் ஏழிசையில் அது குரலும் (ச) இளியும் (ப). ஆர்ப்பு ஏறிய நிலையில் நடுவில் கைக்கிளையைச் (க) சேர்த்தால் ஒலி கலங்குகிறது, குரல்–இளி மட்டும் கலங்காமல் நிற்கிறது. 1992-இல் இங்கே தொடங்கிய ருத்ரா குழு சமஸ்கிருத மந்திரங்களை மெட்டலில் சேர்த்துப் பாடி வருகிறது. குரலையும் இளியையும் வைத்துத் தமிழில் ஒரு குழு கிளம்பக் கூடாதா?

ஈசூன் கிட்டார் எழுதியது, வெள்ளி காலை 11:40

எல்லாருக்கும் நன்றி. கோப்பு போய்விட்டது. ஆம்பில் வருவது ஆர்ப்பு, இடைமுகத்தில் வருவது சிதைவு. இருமுறை மீட்டல், அடிவெட்டி, இரைச்சல் மடை. கெயினைக் கெயின் என்றே விட்டுவிட்டேன். பெருக்கம், மிகை இரண்டையும் போட்டுப் பார்த்தேன், குமிழில் எழுதியிருக்கிற சொல்லோடு பொருந்தாமல் பிள்ளைகள் திணறுவார்கள் என்று தோன்றியது. குரல்–இளியை ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

புணரியல் எழுதியது, வெள்ளி மதியம் 12:05

பெரும்பான்மையை மதிக்கிறேன், உடன்படவில்லை. ஆங்கிலக் கெயினுக்கு இடம் இருக்கிறது, தொல்காப்பியருக்கு இல்லை. "ஆர்ப்பு, சிதைவு இரண்டையும் திரிபு என்றும் கூறுவர்" என்று ஓர் அடிக்குறிப்பாவது சேர்க்க முடியுமா?

ஈசூன் கிட்டார் எழுதியது, வெள்ளி மதியம் 12:11

அச்சகத்தில் தட்டு ஏற்றிவிட்டார்கள் ஐயா. இரண்டாம் பதிப்பில் கட்டாயம் சேர்க்கிறேன்.

புணரியல் எழுதியது, வெள்ளி மதியம் 12:13

இரண்டாம் பதிப்பு எப்போது?