பழைய கிட்டாரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

ஆறாம்தந்தி (அம்பத்தூர்):

2012இல் முதல் சம்பளத்தில் 6,500 ரூபாய்க்கு வாங்கிய டிரெட்நாட் (பெரிய உடம்புள்ள) கிட்டார் என்னிடம் இருக்கிறது. முழுக்க ப்ளைவுட். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அதில்தான் கற்றுக்கொண்டேன். இப்போது ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேலே கம்பியை அழுத்தினால் விரல் நோகிறது. ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் எஃப் பார் கார்டை இரண்டு பாட்டுக்குப் பிடித்தால் மணிக்கட்டு இழுக்கிறது.

போன வாரம் ஒரு கடையில் யமஹா எஃப்ஜி800 வாசித்துப் பார்த்தேன். அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. விலை 26,000 சொன்னார்கள். பழையதைக் கொண்டுவந்தால் 3,000 கழித்துக்கொள்வார்களாம். கையில் 20,000 இருக்கிறது, மீதி 3,000 புரட்டிவிடலாம். ஒரு படுக்கையறை வீடு, இரண்டு கிட்டார் வைக்க இடமும் இல்லை. கொடுத்துவிடவா?

கேப்போ (மதுரை):

கொடுத்துவிடுங்கள் ப்ரோ. ப்ளைவுட் கிட்டார் இன்னும் பத்து வருடம் வைத்திருந்தாலும் சத்தம் மாறப்போவதில்லை. சாலிட் டாப் (ப்ளைவுட் இல்லாமல் அசல் மரத்தில் செய்த முன்பலகை) அப்படியில்லை, வாசிக்க வாசிக்கத் திறக்கும். வாசிக்காத கிட்டார் வீட்டில் இருந்தால் தூசிதான் ஏறும். கம்பி துருப்பிடிக்கும், ட்யூனிங் கீ இறுகும், மூன்று வருடம் கழித்து யாரும் 500 ரூபாய்க்குக்கூட எடுக்க மாட்டார்கள். இன்றைக்கு 3,000 தருகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாளை கோயர் (பாளையங்கோட்டை):

தம்பி, கொடுக்காதீர்கள். நான் சர்ச்சில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன், பதினெட்டு வருடமாக. முதல் கிட்டாரை விற்றவர்களில் பாதிப் பேர் பிறகு என்னிடம் வந்து "அக்கா, அதை விற்றிருக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்கள். 3,000 ரூபாய்க்கு இன்று புதிதாகக் கிடைக்கும் கிட்டாரை என் பிள்ளைகள் கொண்டுவருகிறார்கள். பாதி வகுப்பு அதை ட்யூன் செய்வதிலேயே போய்விடுகிறது. உங்களுடையது அதைவிட எவ்வளவோ மேல்.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் 750 டாலருக்கு வாங்கிய மார்ட்டின் என்-20 கிட்டாரை இன்றுவரை விடவில்லை. விரலும் பிக்கும் பட்டுப் பட்டு டாப்பில் ஓட்டையே விழுந்துவிட்டது. அதை வைத்துத்தான் மேடை ஏறுகிறார். பழகிய கைக்குப் பழகிய மரம் வேண்டும்.

கேப்போ:

அக்கா, மரியாதையோடு சொல்கிறேன், அந்த ஒப்பீடு சரியில்லை. அந்த மார்ட்டின் சாலிட் மரத்தில் செய்தது. நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டார், அதில் இழுப்பும் குறைவு. அதைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவின் ஆஸ்டினில் ஒரு லூதியர் (கிட்டார் செய்து பழுதுபார்ப்பவர்) இருக்கிறார், பல வருடங்களாக அதற்குச் சிகிச்சை செய்துகொண்டே இருக்கிறார். அம்பத்தூர் வெயிலிலும் ஈரத்திலும் கவனிப்பே இல்லாமல் கிடந்த ப்ளைவுட் கிட்டாருக்கு அதை எப்படி உதாரணம் காட்ட முடியும்?

இன்னொன்று. இவர் விற்றால் அந்தக் கிட்டார் அழிந்துவிடாது. கடையிலிருந்து வேறொரு பையன் வாங்கிப்போய் வாசிப்பான். பீரோ மேல் படுத்துக் கிடப்பதைவிட அதுதான் அதற்கு நல்ல வாழ்க்கை.

மரத்தூள் (கோயம்புத்தூர்):

ரிப்பேர் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். விற்பதா வைப்பதா என்று இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள். அவர் சொன்ன நோய் என்ன என்று யாரும் கேட்கவில்லை. "ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் நோகிறது" என்பது ஆக்‌ஷன் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே உள்ள உயரம்) ஏறிய கிட்டாரின் அடையாளம். அவருக்குப் பிடித்துப்போனது எஃப்ஜி800இன் சத்தமா, அல்லது கம்பி தாழ்வாக இருந்ததால் கைக்குக் கிடைத்த சுகமா? முதலில் அது தெரிய வேண்டும். 26,000 செலவழித்துச் சுகத்தை மட்டும் வாங்குவது வீண்.

12 நம்பர் லைட் செட் (நம்பர் என்பது கம்பியின் தடிமன்) போட்டால் ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், இரவும் பகலும். அதோடு சென்னைக் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாகவே 70 சதவீதத்தைத் தாண்டும். நல்ல கம்பெனிகள் கிட்டாரைச் செய்வது 45, 50 சதவீத ஈரத்தில். மரம் ஈரம் குடித்து, பிரிட்ஜுக்கு (டாப்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு) பின்னால் டாப் வயிறு மாதிரி உப்பும். பிரிட்ஜ் மேலேறும், கம்பியும் கூடவே ஏறும்.

ஆறாம்தந்தி, ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துக்கொண்டு மூன்று வேலை செய்யுங்கள். ட்யூன் செய்த பிறகு 12ஆவது ஃப்ரெட்டின் தலைக்கும் ஆறாவது கம்பியின் அடிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். 2.5 இருந்தால் அருமை, 3 வரை சமாளிக்கலாம். அடுத்து, அதே கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14ஆவது ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நெக் (கழுத்து) சரி. கடைசியாக, நீளமான ஸ்கேலை ஃப்ரெட்களின் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் வரை தள்ளுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மரத்துக்கு மேலே போய் உட்கார வேண்டும். பிரிட்ஜின் முகத்தில் முட்டினால் நெக்கின் கோணமே கெட்டுவிட்டது என்று அர்த்தம். சாடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) பிரிட்ஜுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

கவுண்டர் (திருச்சி):

நான் ஒரு இசைக்கருவிக் கடையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன், இப்போது வேறு தொழில். எக்ஸ்சேஞ்ச் கணக்கை உள்ளிருந்து பார்த்தவன் சொல்வதைக் கேளுங்கள்.

3,000 கழிக்கிறார்கள் என்றதும் உங்கள் கிட்டாருக்கு 3,000 மதிப்பு என்று நினைக்காதீர்கள். அதே கடைக்குப் போய் எக்ஸ்சேஞ்ச் என்ற வார்த்தையே எடுக்காமல், "கையில் பணம் இருக்கிறது, கடைசி விலை என்ன?" என்று கேளுங்கள். 1,500 குறைத்தால் உங்கள் பழைய கிட்டாருக்கு அவர்கள் தருவது 1,500தான். மீதி 1,500 யாருக்கும் கிடைக்கும் தள்ளுபடி. எக்ஸ்சேஞ்ச் தொகைக்குள் தள்ளுபடியையும் சேர்த்துச் சொல்வது பல கடைகளில் வழக்கம்.

இதைக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் அதற்குப் புதுக் கம்பி போட வேண்டும், ஃப்ரெட்டைத் துடைத்து மெருகேற்ற வேண்டும், ஆக்‌ஷனைச் சரிசெய்ய வேண்டும், ஆறு மாதம் சுவரில் மாட்டி வைக்க வேண்டும். அதன் பிறகும் 4,000க்கு மேல் போகாது. பழைய கிட்டார் விற்று எந்தக் கடையும் பணக்காரக் கடை ஆனதில்லை.

நேரடியாக ஆளைப் பிடித்து விற்றால் அதிகம் கிடைக்கும், ஆனால் பத்துப் பேர் விசாரிப்பார்கள், ஒருவர்தான் வருவார். அந்த அலைச்சல் ஒத்துவருமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீலக்குறிஞ்சி (ஊட்டி):

ஒரு யோசனை. எப்படியும் செலவு செய்யப்போகிறீர்கள், இன்னும் ஒரு வருடம் சேர்த்து ரோஸ்வுட் பின்பலகை உள்ளதாக வாங்குங்களேன். எங்கள் மலை ஈட்டி மரம்தான் உலகத்துக்கே போகிறது. அந்த முழக்கம் வேறு மரத்தில் வராது.

மரத்தூள்:

ஈட்டி மேல் எனக்கும் ஆசைதான், கையில் எடுத்து இழைத்தால் வரும் வாசனையே போதும். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானபோது, 1969இல் மார்ட்டின் கம்பெனி நம் ஊர் ஈட்டிக்கு மாறியது. அதற்குப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலை மரம்தான் உலகம் முழுக்கப் பெரும்பாலான ரோஸ்வுட் கிட்டார்களின் முதுகு. அதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் அதற்காக ஒரு வருடம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் வேறு வேறாக, மற்றபடி ஒரே மாதிரி ஆறு கிட்டார்கள். விலை உயர்ந்த ரோஸ்வுட்டும் இருந்தது, மலிவான மரமும் இருந்தது. 52 கிட்டார்காரர்கள் வெளிச்சம் குறைந்த அறையில் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்தான் கொடுத்தார்கள். சத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டாப், அதற்குக் கீழே இருக்கும் பிரேஸிங் (டாப்பைத் தாங்கும் மரச்சட்டங்கள்). எஃப்ஜி800இன் டாப் சாலிட் சிட்கா ஸ்ப்ரூஸ், பிரேஸிங்கைச் செதுக்கி இளைத்திருக்கிறார்கள். அந்த விலைக்கு அது நியாயமான சரக்கு.

நீலக்குறிஞ்சி:

அந்தச் சோதனை ஒரே லூதியர் செய்த கிட்டார்களில் நடந்தது. கடையில் வாங்கும் ரோஸ்வுட் மாடலில் மற்ற வேலைப்பாடும் கூடவே உயரும், அதனால் நான் சொன்னதில் முழுத் தவறு இல்லை. இந்தத் திரியில் அதை இழுக்கவில்லை.

ஆறாம்தந்தி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக அளந்தேன், கடைக்கும் போய்வந்தேன்.

12ஆவது ஃப்ரெட்டில் 4 மில்லிமீட்டர். விசிட்டிங் கார்டு சரியாக நுழைகிறது. நீள ஸ்கேல் பிரிட்ஜின் முகத்தில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே முட்டுகிறது. சாடில் 3 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது.

எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் கேட்டேன். 24,500க்குத் தருகிறார்கள். கவுண்டர் சொன்ன அதே கணக்கு, என் பதிமூன்று வருடத்துக்கு விலை 1,500 ரூபாய். கடையை விட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

மரத்தூள்:

சரி, நேராகச் சொல்லிவிடுகிறேன். 12ஆவது ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் இறக்க சாடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். உங்களுக்கு 1.5 இறங்க வேண்டும், அதற்கு 3 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். உங்களிடம் இருப்பதே 3தான். அத்தனையும் தேய்த்தால் கம்பி பிரிட்ஜின் மேலேயே உட்கார்ந்து சத்தம் செத்துவிடும். முறையான வைத்தியம் நெக்கைக் கழற்றிக் கோணம் மாற்றுவது. அதற்கு ஆகும் கூலி உங்கள் கிட்டாரின் விலையைத் தாண்டும். இந்தக் கிட்டாருக்கு அதைச் செய்யச் சொல்ல என் மனசு ஒப்பாது.

ஒன்று செய்யலாம். சாடிலில் 1.5 மில்லிமீட்டர் மட்டும் தேய்த்து இன்னும் மெல்லிய 10 நம்பர் கம்பி போடுங்கள். இழுப்பு 60 கிலோ பக்கம் வந்துவிடும், டாப்பின் உப்பலும் கொஞ்சம் அடங்கும். 12ஆவது ஃப்ரெட்டில் 3 சொச்சத்தில் நிற்கும். முதல் மூன்று ஃப்ரெட்டில் வாசிக்கும் ஓப்பன் கார்டுக்கு (சில கம்பிகளை அழுத்தாமல் விடுவது) அது தாராளம். மேலே ஏறி வாசிக்கும் உங்களுக்கு அது போதாது. ஆகவே புதிது வாங்குவது உங்களுக்குத் தேவைதான், அதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை.

கேப்போ:

அதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன்.

பாளை கோயர்:

புதிது வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவேயில்லை தம்பி. பழையதை 1,500க்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஓப்பன் கார்டுக்குத் தாராளம் என்று மரத்தூள் சாரே சொல்லிவிட்டார். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு முதல் ஒரு வருடம் வேறு என்ன வேண்டும்? உங்கள் வீட்டில், அக்கம்பக்கத்தில் அப்படி ஒரு பிள்ளை இல்லையா?

சாலிட் டாப் வாங்கினால் அதைக் காரில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்த முடியாது, பீச்சுக்கு எடுத்துப்போக முடியாது. ப்ளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் ஈரத்துக்கு அவ்வளவு அசையாது. எங்கள் கோயரில் வெளியூர்க் கூட்டங்களுக்கு ப்ளைவுட்தான் போகும், சாலிட் டாப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வீட்டில் இருக்கும்.

கேப்போ:

எல்லாம் சரி அக்கா, 4,500 ரூபாய்ப் பள்ளத்தை யார் நிரப்புவது? அவருக்கு வாசிக்கும் ஆசை இப்போது இருக்கிறது. மூன்று மாதம் மணிக்கட்டு வலியோடு வாசித்தால் ஆசையே போய்விடும். நான் அப்படி ஒரு வருடம் வாசிப்பதையே விட்டவன். பணத்தைவிட அந்த வருடம்தான் எனக்கு நஷ்டம். 1,500 என்றாலும் அது இன்றைக்கே கைக்கு வருகிற 1,500.

ஆறாம்தந்தி:

கேப்போ ப்ரோ சொன்னது என்னைச் சரியாகத் தொட்டது. இந்த மாதமே வாங்குகிறேன், தள்ளிப்போடவில்லை. அலுவலகத்தில் முன்பணம் 4,500 கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன்.

பழையது என் தங்கை வீட்டுக்குப் போகிறது. அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயது, இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு இடப் பிரச்சினையும் தீர்ந்தது. சாடிலைத் தேய்த்து 10 நம்பர் கம்பி போட, பக்கத்தில் ஒரு அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.

கேப்போ:

நல்லது ப்ரோ. ஒரே ஒரு நிபந்தனை. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். அவள் தொடாமல் சுவரில் மாட்டியிருந்தால் தயங்காமல் வாசிக்கிற வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். தங்கை வீடு என்பதற்காக அங்கேயே விட்டுவிடக் கூடாது.

பாளை கோயர்:

இதில் கேப்போ தம்பியோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். டிரெட்நாட் அவளுக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், வலது தோள் தூக்கிக்கொண்டு நிற்கும். வலது காலுக்குக் கீழே ஒரு சின்ன பலகை வையுங்கள். முதல் வாரம் இ மைனரும் ஏ மைனரும் மட்டும், எஃப் பக்கமே போக வேண்டாம்.

ஆறாம்தந்தி:

சரி அக்கா. ஆறு மாதம் என்றால் தை வரும். பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குத்தான் போவோம், அன்றைக்கே பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.