ரீஜியோசெலக்டிவிட்டிக்குத் தமிழ்ல என்ன? திங்கக்கிழமைக்குள்ள வேணும்

வணக்கம். பி.எஸ்சி. தமிழ்வழி பசங்களுக்கு ஆல்கீன் (கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மம்) நோட்ஸ் அடிச்சிட்டிருக்கேன், திங்கக்கிழமை ஜெராக்ஸுக்குப் போகணும். எலக்ட்ரான் கவர் பொருள் (எலக்ட்ரோஃபைல்) எல்லாம் பள்ளிப் புத்தகத்துலயே இருக்கு, இங்கதான் நின்னுட்டேன். புரோப்பீன்ல ஹைட்ரஜன் புரோமைடு சேர்த்தா 2-புரோமோபுரோப்பேன், பெராக்சைடும் போட்டா 1-புரோமோபுரோப்பேன். எந்தக் கார்பன்ல போய் உக்காருதுங்கிறதுக்கு ஒரு சொல் வேணும். இடத்தேர்வு சரியா?
– மதுரை

> இடத்தேர்வு சரியா?

கவுன்சிலிங்ல சீட் எடுக்கிற மாதிரி இருக்கு :) தேர்வுன்னாலே பசங்களுக்குப் பரீட்சைதான். இடத்தெரிவுன்னு போடுங்க.
– சென்னை

இடம் என்றால் இடப்பக்கமும்தானே? அடுத்த பாடத்தில் வலஞ்சுழி, இடஞ்சுழி வருமே, அப்போது என்ன செய்வீர்கள்? இச்சொல்லை வேதியியலாளர் ஹாஸ்னர் 1968-இல் ஆண்டது லத்தீன் ரெஜியோவை வைத்து. அதன் வேர் ரெகெரே, நேராகச் செலுத்துதல், ஆளுதல். நம்மிடம் கோல் இருக்கிறது: அளவுகோலும் கோல், செங்கோலும் கோல். கோல் + தெரிவு = கோற்றெரிவு.
– தஞ்சை

ஐயா, கோபிச்சுக்காதீங்க, கோற்றெரிவுன்னு போட்டா என்ன எரியுதுன்னு கேப்பாங்க. இரட்டைப் பிணைப்புக்கு ரெண்டு முனை, முனைத்தெரிவு போதாதா?
– சென்னை

முனைவு எண்டா எங்கட பக்கம் போலார். குழப்பம் வரும். அதோட ஒண்டு கேக்கோணும், நீங்கள் ஏன் 'கவர் பொருள்' எண்டுறியள்? நாங்கள் இலத்திரன் நாடி, கருநாடி (அணுக்கருவை நாடுறது, நியூக்ளியோஃபைல்) எண்டுதான் படிச்சனாங்கள். நாடுறதுதானே விருப்பம், கவர்றது பறிக்கிறது.
– யாழ்ப்பாணம்

கருநாடின்னா இங்க ஸ்கேன் சென்டர் ஞாபகம் வருதுங்க :)
– சென்னை

'காய்கவர்ந்தற்று' என்கிறார் வள்ளுவர். கவர்தல் நல்ல வினை. எலக்ட்ரான் இருக்க நீங்கள் ஏன் இலத்திரன் என்கிறீர்கள் என்று நானும் கேட்கலாம்.
– தஞ்சை

கேளுங்கோ, சொல்லுக்கு முதல்ல எகரம் வந்தா என்ன, இகரம் வந்தா என்ன, ட்ரா-வை வாயில வைக்கேலாது.
– யாழ்ப்பாணம்

கெமிஸ்ட்ரிக்கு வருவோமா? எனக்கு இடம், தெரிவு ரெண்டுமே உறுத்துது. பெராக்சைடு இல்லாதப்ப புரோட்டான் முதல்ல வந்து ஓரக் கார்பன்ல உக்காருது, ஏன்னா அப்பதான் நடுவுல ஈரிணைய கார்போகேட்டயான் (ரெண்டு கார்பனோட சேர்ந்த நேர்மின் கார்பன்), அதுதான் நிலையானது. பெராக்சைடு போட்டா முதல்ல வர்றது புரோமின் ரேடிக்கல் (தனி எலக்ட்ரான் உள்ள அணு), அதுவும் அதே ஓரக் கார்பன்லதான் உக்காருது, அப்ப நடுவுல வர்ற ரேடிக்கல்தான் நிலையானது, அதே காரணந்தான்! மாறுறது இடமில்ல, யார் முதல்ல வர்றாங்கங்கிற முறை. மார்கோவ்னிகாவ் விதியை (ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பன்லயே புது ஹைட்ரஜனும் சேரும்) மனப்பாடம் பண்ற பசங்க இதைத்தான் கோட்டை விடுறாங்க. அப்புறம் யாரும் எதையும் தெரிஞ்செடுக்கல, அதிகம் ஒரு பக்கம் சாயுது, அவ்வளவுதான். இடச்சாய்வுன்னு சொல்லலாமே? (பக்கச்சாய்வுன்னு மட்டும் போட்டுடாதீங்க, புரோமின் எதிரெதிர்ப் பக்கமா சேர்றதைச் சொல்லப் பக்கம் வேணும்.)
– கோவை

இடச்சாய்வு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஸ்டீரியோசெலக்டிவிட்டி (எந்த முப்பரிமாண அமைப்பு), கீமோசெலக்டிவிட்டி (எந்த வினைத்தொகுதி) எல்லாத்துக்கும் தெரிவுன்னு ஏற்கெனவே அடிச்சிட்டேன், மறுபடி மாத்த நேரமில்ல. இப்போதைக்கு இடத்தெரிவு. கோவை சார் சொன்ன 'யார் முதல்ல' விஷயத்தை ஒரு கட்டம் போட்டு உள்ள சேர்த்துட்டேன், அதுக்குப் பெரிய நன்றி.
– மதுரை

நாம ரெண்டு பேர் இடத்தெரிவு, அப்ப முடிஞ்சுதுன்னு வச்சுக்கலாமா?
– சென்னை

இடம் என்றால் இடப்பக்கம். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ரீஜியோஸ்பெசிஃபிக் (ஓரிடத்தில் மட்டுமே சேர்வது) வரும்போது கோலைத் தேடி இங்கேதான் வருவீர்கள்.
– தஞ்சை