பேட்ச் ஏறிவிட்டது என்கிறது, மாற்றமோ வேறு ஃபங்ஷனுக்குள் கிடக்கிறது: உதவி தேவை

கேள்வி:
6.1 லினக்ஸ் கெர்னலுக்கு எழுதின ஆறு வைஃபை பேட்ச்களை (கோடு மாற்றங்கள் உள்ள ஃபைல்கள்) எங்கள் போர்டின் 5.10 சோர்ஸில் ஏற்றப் பார்க்கிறேன். 'கிட் ஏஎம்' (கிட்டில் பேட்ச் ஏற்றும் கட்டளை) முதல் இரண்டை ஏற்றிவிட்டு, மூன்றாவதில் "பேட்ச் டஸ் நாட் அப்ளை" என்று நின்றுவிட்டது. அதே ஃபைலை 'பேட்ச் -பி1' என்று கொடுத்தேன். "ஹங்க் #2 சக்சீடட் அட் 412 வித் ஃபஸ் 2" என்று வந்தது, கம்பைலும் ஆனது. ஆனால் போர்டு தூங்கி எழுந்தால் வைஃபை வருவதில்லை. இரண்டு நாள் டிரைவரைக் குடைந்தபிறகு டிஃப் எடுத்துப் பார்த்தேன். ரெஸ்யூம் ஃபங்ஷனுக்கு (தூங்கி எழும்போது ஓடுவது) போகவேண்டிய நான்கு வரி ப்ரோப் ஃபங்ஷனுக்குள் (டிரைவர் முதலில் சாதனத்தைத் தயார் செய்வது) இருக்கிறது. எப்படி இது?

பதில்:
அந்த "ஃபஸ் 2" தான் காரணம். ஒவ்வொரு ஹங்க்கிலும் (பேட்சில் ஓரிடத்து மாற்றத்தைச் சொல்லும் துண்டு) மாற்றத்துக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி அடையாளத்துக்காக இருக்கும். ஃபஸ் 2 என்றால் இரு பக்கமும் வெளியோர இரண்டிரண்டு வரி பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தம். மிச்சம் பக்கத்துக்கு ஒரே வரி. அது "இஃப் (ரெட்)" மாதிரி எல்லா ஃபங்ஷனிலும் இருக்கும் வரியாக இருந்தால், பேட்ச் சொல்லும் வரி எண்ணிலிருந்து தேடிப்போகும்போது முதலில் பொருந்திய இடத்தில் போய் விழும். ஹங்க் தொடங்கும் @@ வரியின் கடைசியில் ஃபங்ஷன் பெயர் இருக்கிறதே, அது நாம் படிப்பதற்கு மட்டும். இடம் தேடும்போது கருவி அதைப் பார்ப்பதில்லை.

கிட் இப்படித் தளர்த்துவதில்லை, அதனால்தான் மறுத்தது. அது மறுத்ததே நல்லது. 'கிட் ஏஎம் --அபார்ட்' கொடுங்கள், 'கிட் ஸ்டேட்டஸ்' பார்த்து கையால் ஏற்றியதையும் நீக்குங்கள், பிறகு 'கிட் ஏஎம் -3' போடுங்கள். அது மும்முனை மெர்ஜ்: பேட்சின் பழைய ஃபைல், மாறிய ஃபைல், உங்கள் ஃபைல் மூன்றையும் ஒப்பிட்டு இணைக்கும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. -3 போட்டால் "ரெப்போசிட்டரி லேக்ஸ் நெசசரி ப்ளாப்ஸ்" என்கிறது. க்ளோன் '--டெப்த் 1' போட்டு, பழைய வரலாறு இல்லாமல் எடுத்தது.

பதில்:
பேட்ச் எழுதியவர் எந்த ஃபைலின் மேல் எழுதினாரோ, அதன் ஹாஷ் (அடையாள எண்) பேட்சிலேயே "இண்டெக்ஸ்" வரியில் இருக்கும். அந்தப் பழைய ஃபைல் (கிட் அதை ப்ளாப் என்கிறது) உங்களிடம் இருந்தால்தான் மும்முனை மெர்ஜ் நடக்கும். 6.1 டேகை மட்டும் ஃபெட்ச் செய்தாலும் போதாது தம்பி. மூன்றாவது பேட்சின் அடித்தளம், முதல் இரண்டும் ஏறியபிறகு உள்ள ஃபைல். அது டேகில் இருக்காது. 'கிட் வொர்க்ட்ரீ' (அதே ரெப்போசிட்டரிக்கு இன்னொரு வேலை ஃபோல்டர்) வைத்து 6.1 மேல் தனி கிளை திறந்து, ஆறையும் அங்கே ஏற்றுங்கள். அடித்தளம் அதுதான் என்றால் சிக்கலில்லாமல் ஏறும். தேவையான ப்ளாப்கள் எல்லாம் உருவாகிவிடும். அப்புறம் 5.10-க்குத் திரும்பி -3 போடுங்கள்.

கான்ஃப்ளிக்ட் (இரு பக்க மாற்றமும் மோதுவது) வந்தால் 6.1 பக்கத்தை அப்படியே எடுத்துவிடாதீர்கள். அது கூப்பிடும் ஃபங்ஷன் 5.10-இல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இன்னொருவர்:
கட்டாயம் 'பேட்ச்' தான் வேண்டுமென்றால் '-எஃப்0' போடுங்கள், ஃபஸ் இல்லாமல் போகும். பெரிய எஃப். சின்ன எஃப் என்றால் ஃபோர்ஸ், கேள்வியே கேட்காமல் போய்விடும்.

கேட்டவர்:
வொர்க்ட்ரீ வழி நடந்தது. மூன்றாவதில் ஒரே ஒரு கான்ஃப்ளிக்ட், அதுவும் ரெஸ்யூம் ஃபங்ஷனுக்குள்ளேயே வந்தது. திருத்தி, 'கிட் ஆட்', 'கிட் ஏஎம் --கன்டின்யூ'. மீதி மூன்றும் தானாக ஏறின. போர்டைப் பத்து முறை தூங்க வைத்து எழுப்பினேன், பத்து முறையும் வைஃபை வந்தது.