விமான அறைக் கதவின் மூலை விலகி நிற்கிறது, சன்னல் அக்ரிலிக்கில் விரிசல் விழுகிறது: உதவி தேவை

சோமனூர் தறிக்கொட்டகை:

வணக்கம். எங்கள் பழைய விசைத்தறிக் கொட்டகையில், இருவர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றை ஃபைபர் கிளாஸ் துணியும் எப்பாக்ஸி என்னும் இறுகும் பிசினும் கொண்டு மூன்று ஆண்டுகளாகக் கட்டி வருகிறேன். உடற்பகுதி முடிந்துவிட்டது. கதவிலும் சன்னலிலும் வேலை நின்று இரண்டு மாதங்கள் ஆகின்றன.

கதவு மேல்நோக்கித் திறக்கும் வகை. கீல்கள் கூரையில் உள்ளன. அறையின் ஓட்டிலிருந்தே கதவை அறுத்து எடுத்தேன். அறுத்த அன்று அது நிலையோடு, அதாவது கதவுச் சட்டத்தோடு, நூல் பிடித்தாற்போலப் பொருந்தியது. பிறகு அதை மேசைமேல் கவிழ்த்து வைத்து, 10 மி.மீ. நுரைப்பலகையையும் அதன்மேல் உட்தோலாக இரண்டு அடுக்கு ஃபைபர் கிளாஸ் துணியையும் ஒட்டினேன். ஒரு வாரம் கழித்து மாட்டிப் பார்த்தபோது முன்விளிம்பு சரியாக உட்கார்ந்திருந்தது, ஆனால் பின்பக்கக் கீழ்மூலை 7 மி.மீ. வெளியே தள்ளி நின்றது. கையால் அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் திரும்பி வந்துவிடுகிறது. தாழ்ப்பாளை இழுத்துப் பூட்டினால் மூலை அமர்ந்துவிடும் என்பதால், அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்கிறேன்.

இரண்டாவது சிக்கல் சன்னல். 60 செ.மீ. நீளமுள்ள 3 மி.மீ. அக்ரிலிக் (கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்) தகட்டை, தலை உள்ளே பதியும் 4 மி.மீ. திருகுகள் பதினான்கால் பொருத்தினேன். திருகுகள் கழன்றுவிடாதிருக்க மரைப்பசை இட்டேன், ஓரத்தில் பட்டிருந்த பெயின்டைத் தின்னரால் துடைத்தேன். சித்திரை வெயில் நான்கு நாள் பட்டதும் நான்கு துளைகளைச் சுற்றி நட்சத்திரம்போல விரிசல் ஓடியிருக்கிறது.

உடுமலைக் காற்று:

நான் காற்றாலை இறக்கைகளைப் பழுதுபார்ப்பவன். பொருளும் பிசினும் ஒன்றே என்பதால் எழுதுகிறேன்.

தாழ்ப்பாளின் இழுப்பை நம்பி விட்டுவிடாதீர்கள். பறக்கும்போது காற்று கதவை உள்ளே அழுத்தும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அறையின் வளைந்த பக்கத்தில் காற்று விரைந்து ஓடுவதால், கதவு பெரும்பாலும் வெளியேதான் உறிஞ்சப்படுகிறது. 110 நாட் (மணிக்கு ஏறக்குறைய 204 கி.மீ.) வேகத்தில் கடல்மட்டக் காற்றின் இயக்க அழுத்தம், அதாவது வேகத்தால் எழும் அழுத்தம், ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. அதில் பாதியளவு உறிஞ்சல் இருந்தாலும், 0.7 சதுர மீட்டர் கதவை வெளியே இழுக்கும் விசை 70 கிலோ ஆகும். ஏற்கெனவே வெளியே போக விரும்பும் மூலையில் இந்த விசையும் சேர்ந்தால், இடுக்கு திறந்து காற்று உள்ளே புகத் தொடங்கும்.

பிழை நடந்த இடம் மேசை. அறுத்தெடுத்த வெளித்தோல் மெல்லியது. தாங்கலின்றித் தட்டையான மேசையில் கிடந்தபோது அதன் வளைவு சற்றே விரிந்திருக்கும். அந்த விரிந்த வடிவத்தை நுரையும் உட்தோலும் பூட்டிவிட்டன. உட்தோல் இறுகும் வேளையில் கதவு இருக்க வேண்டிய இடம் அதன் சொந்த நிலைதான்.

ஆகவே பின்பாதியின் உட்தோலை அறுத்து நீக்குங்கள். நுரையில் நெடுக்காகச் சில வெட்டுகள் இட்டால் அது மீண்டும் வளையும். நிலையின் விளிம்பு முழுவதும் பார்சல் ஒட்டும் பிரவுன் டேப்பை ஒட்டிவிடுங்கள், எப்பாக்ஸி அதில் பிடிக்காது. கதவை நிலையில் வைத்து, இடுக்கின் குறுக்கே பட்டைகள் வைத்து, 15 செ.மீ.க்கு ஒரு சிறு திருகால் வெளிப்புறத்தைச் சமமாக்கிய பின், அறைக்குள் அமர்ந்து உட்தோலை ஒட்டுங்கள். அந்தத் துளைகளைப் பின்னர் நிரப்பிக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு முன் பழைய பரப்பைத் தண்ணீரால் கழுவி, உலர்ந்ததும் தேய்த்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாயின் ஈரக்காற்று வீசும் நாள்களில், பிசினை இறுகவைக்கும் ஹார்டனர் மேலே மெழுகுபோலப் படிந்து அடுத்த அடுக்கைப் பிடிக்கவிடாமல் செய்வதை எங்கள் வேலையில் அடிக்கடி காண்கிறோம்.

இறுகிய மறுநாளே கதவைக் கழற்ற வேண்டாம். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எப்பாக்ஸி, வெயிலில் நிறுத்திய விமானத்தின் சூட்டிலேயே இளகக்கூடும். தெர்மாகோல் பலகைகளால் கூடாரம் அமைத்து, பிசினின் விவரத்தாள் சொல்லும் வெப்பத்துக்கு மெதுவாக ஏற்றி, சில மணி நேரம் வைத்து, மெதுவாக ஆறவிடுங்கள். அதுவரை கதவு நிலையிலேயே இருக்கட்டும்.

ஒரு கேள்வி: நிலையின் மூலைவிட்டங்களை அளந்தீர்களா?

கரூர் பாடி பட்டறை:

தம்பி, சன்னலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளாகப் பேருந்துகளுக்குக் கண்ணாடி பொருத்தி வருகிறேன். அந்தப் பழக்கமே அக்ரிலிக்கில் என்னையும் முதலில் ஏமாற்றியது. கண்ணாடியும் இரும்பும் வெயிலில் ஏறக்குறைய ஒரே அளவில் நீளும். அக்ரிலிக் கண்ணாடியைப்போல ஏழு மடங்குக்கும் மேல் நீளும். உங்கள் 60 செ.மீ. துண்டு, 40 டிகிரி சூடு ஏறினால் 1.7 மி.மீ. நீளும். ஃபைபர் கிளாஸ் சட்டமோ அரை மில்லிமீட்டர்கூட நீளாது. இடையிலுள்ள வேறுபாடு முழுவதையும் திருகுத் துளைகள்தான் தாங்க வேண்டியிருந்தது.

அதோடு, பதியும் தலையுடைய திருகு ஆப்புபோலத் துளையைப் பிளக்கும். தின்னரும் மரைப்பசையும், இழுவிசையில் இருக்கும் அக்ரிலிக்கில் நுண்விரிசல்களை உண்டாக்கும். மென்மையான சோப்புத் தண்ணீரைத் தவிர வேறெதையும் அதன்மேல் படவிடாதீர்கள். விரிசல் விட்ட துண்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வெட்டுங்கள்.

திருகே இல்லாமல் ஒட்டுவதுதான் என் பரிந்துரை. சட்டத்தில் அக்ரிலிக் அமர 25 மி.மீ. அகலத்துக்குப் படிபோலப் பள்ளம் எடுத்து, நெகிழும் பசையை 3 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் இட்டு, ஓரத்திலும் 3 மி.மீ. இடுக்கு விடுங்கள். எப்பாக்ஸியால் ஒட்டினால் அது அசைய இடம் கொடுக்காது. அக்ரிலிக்குக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லும் பசையையே வாங்குங்கள், பசைமேல் வெயில் படாதபடி வெளியே கறுப்புப் பட்டை அடித்துவிடுங்கள். திருகுதான் வேண்டுமென்றால், 4 மி.மீ. திருகுக்கு 6 மி.மீ. துளையும் ரப்பர் குழலும் தட்டைத் தலையும் வையுங்கள். இறுக்கிய பிறகு கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். சாதாரண ட்ரில் பிட்டின் வெட்டுமுனை அக்ரிலிக்கைக் கவ்வி உடைக்கும். முனையைச் சற்று மழுக்கி, சுரண்டி எடுப்பதுபோல ஆக்கி, அடியில் மரக்கட்டை வைத்துத் துளையிடுங்கள்.

கணபதி லேத்:

மேல்நோக்கித் திறக்கும் கதவு பறக்கும்போது திறந்துகொண்டால் பிய்ந்துபோகக்கூடும். எனவே முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் நிலைக்குள் நுழைந்து பூட்டும் ஒவ்வோர் எஃகு முளையும், அவற்றைச் சாராத தனிக் கொக்கி ஒன்றும் வேண்டும். பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங் ஈசி விமானத்தின் மேல்மூடிக்கும் இப்படி இரண்டாம் கொக்கி உண்டு. முளை நுழையும் இடங்களில் நுரையைத் தோண்டி எடுத்து, பஞ்சுத்தூள் கலந்த எப்பாக்ஸியால் நிரப்புங்கள். எச்சரிக்கை விளக்கின் சுவிட்சைக் கைப்பிடியில் வைக்காமல், முளை சென்று முட்டும் துளையின் முடிவில் வையுங்கள். கைப்பிடி திரும்பியும் முளை நுழையாமல் போகலாம் அல்லவா? விமானம் கவிழ்ந்து கிடந்தால் இந்தக் கதவு திறக்காது, ஆகவே சன்னலை உடைக்கும் சுத்தியல் ஒன்று இருக்கையிலிருந்து கைக்கு எட்டும் இடத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

சோமனூர் தறிக்கொட்டகை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உடுமலை ஐயா கேட்டபடி மூலைவிட்டங்களை அளந்தேன், இரண்டுக்கும் இடையே 3 மி.மீ. வேறுபாடு இருக்கிறது. கதவை அறுத்த பிறகு வால்பக்கத் தாங்குகட்டையை மாற்றியது நினைவுக்கு வந்தது. கட்டையைப் பழைய உயரத்துக்கு ஏற்றியதும் வேறுபாடு அரை மில்லிமீட்டராகக் குறைந்தது, மூலையின் விலகலும் 7 மி.மீ.யிலிருந்து 5 மி.மீ. ஆனது. மீதி மேசையின் பிழையே.

நிலையைச் சரிபார்க்காமல் உட்தோலைப் புதிதாக ஒட்டியிருந்தால், முறுகிய நிலைக்கு ஏற்ற கதவு ஒன்று கிடைத்திருக்கும். இன்று பின்பாதியை அறுத்துவிட்டேன். தகரக் கூரை சூடேறுவதற்குள் முடிக்க, நாளை விடியற்காலை ஐந்து மணிக்குப் பிசின் கலக்கப் போகிறேன்.