குருகைச் சாட்சிக்கு அழைக்கலாமா? தரம் 10 வகுப்பில் குறியீடு

ஹட்டன் டீச்சர்:
இந்தத் தவணை குறியீடு கற்பிக்கக் குறுந்தொகையின் 25ஆம் பாடலை எடுத்தேன். கபிலர் பாடிய ஐந்தே அடி. அவன் என்னைக் கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், தினைத்தாள் போன்ற காலுடன் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு என்ற நீர்ப்பறவைதான் இருந்தது என்கிறாள் தலைவி. குருகு எதைக் குறிக்கிறது என்று நான் கேட்கவில்லை. வழக்குப் போட்டால் அதைச் சாட்சிக்கு அழைக்கலாமா என்று ஆறு குழுக்களிடம் கேட்டேன். ஒரு குழு, முடியாது, அதன் கண் மீனில்தான் இருந்தது என்றது. இன்னொரு குழு, குருகே கள்வன், ஆரல்தான் அவள் என்றது. நான் விளக்கியிருந்தால் இந்த இரண்டும் பிள்ளைகள் வாயிலிருந்து வந்திருக்காது.

வெண்கட்டி:
ஆறு குழு என்றால் ஆறு பேர் பேசியிருப்பார்கள். மற்றவர்கள் டிமைத் தாளின் ஓரத்தில் பூ வரைந்திருப்பார்கள். பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்குக் குழுவாக உட்கார முடியாது. ஒரு நிலத்துக்குரிய பறவை, மரம், தெய்வம் போன்றவைதான் கருப்பொருள்; அதற்குள் வேறொரு பொருளை ஒளித்துச் சொல்வதற்கு உள்ளுறை என்று பெயர் வைத்து, தெய்வம் தவிர்ந்த கருப்பொருள்களில் அது பிறக்கும் என்றும் தொல்காப்பியர் சொல்லிவிட்டார். அதை முதலில் சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் மலையகப் பிள்ளை எதைக் கண்டாலும் "துன்பத்தின் குறியீடு" என்று எழுதிவிட்டு எழும்பிவிடும்.

ஹட்டன் டீச்சர்:
உள்ளுறையைச் சொன்னேன் சேர், மறுநாள். தேடியது கையில் கிடைத்த பிறகுதான் அதற்குப் பெயர் தேவைப்படுகிறது. பூ வரைந்தவர்கள் இருந்தார்கள், மறைக்கவில்லை.

மூன்றாம் லயம்:
ஆசிரியர்களுக்கு இடையில் ஒரு தாய் பேசலாமா? போன மாதம் என் மகளின் வகுப்பிலும் குழுவேலை. மலையகத்தின் குறியீடு ஒன்றை வரையச் சொன்னார்களாம். ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து முதுகில் பிரம்புக் கூடையோடு ஒரு பெண்ணை வரைந்தார்கள். நான் கொழுந்து எடுப்பது சாக்கில். எங்கள் மலையில் கூடையைக் கண்டு வருடக் கணக்காகிறது. அந்த ஐந்து பேரின் தாய்மாரும் என்னோடுதான் நிறுவைக்கு நிற்கிறார்கள். அப்படியிருக்க அந்தக் கூடை எங்கிருந்து வந்தது? கலண்டரிலிருந்து.

வெண்கட்டி:
இதைத்தான் நானும் சொல்லவந்தேன், உங்கள் அளவுக்குத் தெளிவாக வரவில்லை. ஐந்து பேர் கூடினால் ஐவருக்கும் தெரிந்த பழையதுதான் வெல்லும். தனியே விட்டிருந்தால் ஒரு பிள்ளையாவது சாக்கை வரைந்திருக்கும்.

ஹட்டன் டீச்சர்:
அங்கே பிழை கேள்வியில். "மலையகத்தின் குறியீடு" என்று கேட்டால் கலண்டர்தான் வரும். குருகுக்குப் பாடல் இருந்தது. எதைச் சொன்னாலும் எந்த அடியில் இருக்கிறது என்று பக்கத்துக் குழு மடக்கியது. "குருகு கடவுள்" என்ற ஒரு மாணவனை அப்படித்தான் உட்கார வைத்தார்கள், நான் வாய் திறக்கவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் தனியே எழுதட்டும், பிறகு கூடட்டும்.

வெண்கட்டி:
எழுதியதைக் கூடிய பிறகு அழிக்கக் கூடாது. அப்படியென்றால் நானும் ஒருமுறை செய்துபார்க்கிறேன், குழுவுக்கு மூன்று பேர் மட்டும்.

மூன்றாம் லயம்:
சேர், அந்தச் சாக்கு எதன் குறியீடு என்று மகள் கேட்கிறாள். நிறுவையில் சாக்குக்கென்று கழிக்கிற கிலோவைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருக்கிறாள்.