1944ஆம் ஆண்டு இந்திய விமானிக்குத் தோல் மேலாடை பொருந்துமா?

கேள்வி: பாளையங்கோட்டைத் தையற்காரர்

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் நடந்த இம்பால் போரை வைத்து உள்ளூர்ப் பள்ளியொன்று போடும் ஆண்டு விழா நாடகத்திற்காக, இந்திய விமானிகள் இருவருக்கு உடை தைக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. உரோமக் கழுத்து வைத்த தோல் மேலாடை ஒன்றின் படத்தையும், ஆரஞ்சு உள்துணி கொண்ட பச்சை நைலான் மேலாடை ஒன்றின் படத்தையும் கொடுத்து, எது எளிதோ அதைத் தைக்கச் சொல்கிறார் ஆசிரியர். இரண்டும் எடுப்பாகவே இருக்கின்றன. அந்தக் காலத்துக்கு உரியது எது?

பதில் 1: வண்ணார்பேட்டை

அண்ணாச்சி, இரண்டும் வேண்டாம். பச்சை மேலாடை எம்.ஏ.-1 என்ற வகை, அது 1950களில் அமெரிக்க விமானப் படைக்கு வந்தது. கீழே விழுந்த விமானி திருப்பிப் போட்டுக்கொண்டால் தேடுவோர் கண்ணில் படவேண்டும் என்பதற்கே அந்த ஆரஞ்சு, அதுவும் பிற்காலச் சேர்க்கை. தோலாடை பிரிட்டனின் இர்வின் என்ற விமானி மேலாடை போலத் தெரிகிறது. இருபதாயிரம் அடி உயரத்துக் குளிருக்காக, செம்மறித் தோலின் உரோமத்தை உட்பக்கமாக வைத்துத் தைத்தது அது. அர்ஜன் சிங் தலைமையில் இம்பாலில் இருந்த இந்திய விமானப் படையின் முதலாம் ஸ்குவாட்ரனின் (படைப்பிரிவின்) ஹரிக்கேன் போர் விமானங்கள் உளவுக்காகத் தாழப் பறந்தவை; அந்தப் புழுக்கத்தில் காக்கி டிரில் துணியும், வெப்பநாடுகளுக்கென்றே பருத்தியில் தைத்த 'டி' வகைத் தலைக்கவசமுமே பொருத்தம். மேலே மஞ்சள் உயிர்காப்பு ஆடை. முன்பு அது மங்கல் நிறத்தில் இருந்ததால் விமானிகளே மஞ்சள் பூசிக்கொண்டார்கள். 1941 மாதிரி மஞ்சளாகவே வந்தது. மங்கிய காக்கியின் மேல் அந்த மஞ்சள் எழுந்து நிற்கும் அழகு, என் கண்ணுக்கு எந்தத் தோலாடைக்கும் இல்லை.

பதில் 2: தென்காசி, நாடக ஒப்பனை

வண்ணார்பேட்டை அண்ணாச்சி சொல்வது சரிதான். ஆனால் வெறும் காக்கியோடு மேடையேறினால், கடைசி வரிசையில் இருப்பவர் நடத்துநர் டிக்கெட் கொடுக்க வந்திருக்கிறார் என்றே நினைப்பார். ஆகவே தலையில்தான் உழைப்பு வேண்டும். காதுகளின் மேல் வரும் ரப்பர்க் கிண்ணங்களுக்கு, ஊறுகாய்ப் புட்டி மூடிகளைக் கறுப்பு ரெக்சினில் பொதிந்து தையுங்கள். பின்னந்தலையில் ஒரு சிறு பட்டையும் பிரஸ் பட்டனும் வைத்தால் விமானியின் கண்காப்புக் கண்ணாடியின் வார் நழுவாது. உண்மையான கவசத்திலும் அதற்கென ஒரு பட்டை உண்டு. புதுக் காக்கியைச் சோடா உப்பில் அலசி, படித்துறைக் கல்லில் நான்கு நாள் வெயிலில் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சீருடைக்கு வாங்கிய டிரில் துணியே மீதம் இருக்கிறது. மஞ்சளுக்கு மழைக்கோட்டுத் துணி எடுத்துவிட்டேன். ஆசிரியருக்குத்தான் தோலாடை போன வருத்தம். மூடி பொதிந்த கவசத்தைப் பையன் தலையில் மாட்டிக் காட்டியபின் ஒன்றும் சொல்லவில்லை.